"மார்ஜினல்" டோனர் கிட்னி வந்தால் சம்மதிக்கலாமா? படிவத்தில் டிக் போடச் சொல்கிறார்கள்

குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 49. சர்க்கரையால் இரண்டு கிட்னியும் போய் இது நாலாவது வருடம், வாரம் மூன்று தடவை நாகர்கோவிலில் டயாலிசிஸ். ரத்தம் ஓ பாசிட்டிவ். அம்மா தருவதாக இருந்தார், அவருக்கும் சர்க்கரை என்று டெஸ்டிலேயே தள்ளிவிட்டார்கள். நான் ஏ குரூப், அத்தான் பி, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். அதனால் மூளைச்சாவு டோனர் பட்டியல்தான் ஒரே வழி என்று திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரி மூலம் பதிந்து வைத்திருக்கிறோம்.

போன வாரம் செக்கப்புக்குப் போனபோது கோஆர்டினேட்டர் ஒரு படிவம் தந்தார். சாதாரண டோனர் வந்தால் மட்டும் கூப்பிடவா, இல்லை "மார்ஜினல்" டோனர் வந்தாலும் கூப்பிடவா என்று டிக் போட வேண்டும். 60 வயதுக்கு மேற்பட்டவர், பிபி இருந்தவர், மூளையில் ரத்தக் கசிவு வந்து இறந்தவர், கடைசியில் கிரியாட்டினின் (கிட்னி சரியாக வடிக்காவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) ஏறியிருந்தவர் என்று வரிசையாகப் போட்டு, அடியில் ஹெபடைடிஸ் (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்) பற்றி ஒரு வரி. அந்த வரி வரைக்கும் அக்கா படித்தாள், அப்புறம் படிவத்தை நாலாக மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். ஒன்றும் பேசவில்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு. "கிழவன் கிட்னிய வாங்கி வச்சு என்ன செய்ய, அது நாலு நாள் ஓடுமா" என்கிறார் சித்தப்பா. அத்தான் எது வந்தாலும் சரி என்கிறார். டாக்டர் "யோசித்துச் சொல்லுங்கள்" என்று விட்டுவிட்டார். இப்படிப்பட்ட கிட்னி வைத்தவர்கள் யாராவது இருந்தால் எத்தனை வருடம் ஓடுகிறது, நோய் ஏதும் தொற்றுமா, வேண்டாம் என்று சொன்னால் பட்டியலில் இடம் போய்விடுமா, தெரிந்ததைச் சொல்லுங்கள்.


நெய்யாறு67:

தம்பி, நான் பாறசாலைக்காரன், உங்களுக்குப் பக்கம்தான். எனக்கு வைத்திருப்பதே அந்த மாதிரி கிட்னிதான். டோனருக்கு 63 வயது, பிபி மாத்திரை சாப்பிட்டவர், மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர். இதற்கு மேல் எனக்கும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் குழாயில் தண்ணீர் திறந்த மாதிரி மூத்திரம் வரும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு வரவில்லை. பை காலியாகத் தொங்கும், சிஸ்டர் மணிக்கு ஒரு தடவை வந்து பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார், அடியில் செம்மண் கலரில் கொஞ்சம் கிடக்கும், அதை அளந்து சார்ட்டில் எழுதிவிட்டுப் போவார். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். புதுக் கிட்னி உள்ளே இருக்க மறுபடி டயாலிசிஸுக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வீட்டுக்காரி அழுத அழுகை! டாக்டர் வந்து, கிட்னி தூங்குகிறது, செத்துப்போகவில்லை, எழுந்திருக்கும் என்றார். பிறகு மெதுவாகத்தான் எழுந்தது.

இப்போது கிரியாட்டினின் 1.7. ஏறவுமில்லை இறங்கவுமில்லை. என்னோடு அதே வாரம் ஆபரேஷன் ஆன பையனுக்கு, அவன் அம்மா கொடுத்தது, 0.9. செக்கப்பில் ரெண்டு பேர் ரிப்போர்ட்டையும் வைத்துப் பார்க்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் இப்போது தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறேன். அக்காவிடம் இதை மட்டும் சொல்லுங்கள், அவங்களுக்குப் புரியும்.


கொல்லங்கோடு சிஸ்டர்:

மாற்று அறுவை வார்டில் வேலை பார்க்கிறேன், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். இது நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் படிவத்தில் உள்ள சிக்கல். இரண்டு வேறு வேறு விஷயத்தை ஒரே தலைப்பில் போட்டிருக்கிறார்கள். வயது, பிபி, கிரியாட்டினின் எல்லாம் கிட்னி எத்தனை நாள் உழைக்கும் என்பதைப் பற்றியது. ஹெபடைடிஸ் வரி கிட்னியோடு கூட வேறு ஏதும் வருமா என்பதைப் பற்றியது. 25 வயதுப் பையனின் அருமையான கிட்னியிலும் இரண்டாவது பயம் இருக்கலாம், 65 வயதுக்காரரிடம் அது துளியும் இல்லாமல் இருக்கலாம். தனித்தனியாக யோசிக்கச் சொல்லுங்கள்.

முதல் விஷயம். அமெரிக்காவில் 2002 முதல் ஒரு வரையறை வைத்திருந்தார்கள். டோனருக்கு 60 ஆகிவிட்டால், அல்லது 50இலிருந்து 59க்குள் இருந்து பிபி, கிரியாட்டினின் 1.5க்கு மேல், மூளை ரத்தக்குழாய்ச் சிக்கலில் மரணம் இந்த மூன்றில் இரண்டு இருந்தால், அது மார்ஜினல். இப்படிப்பட்ட கிட்னி செயலிழக்கும் வாய்ப்பு சாதாரணக் கிட்னியைவிட 1.7 மடங்குக்கு மேல். 2014 கடைசியில் அதை மாற்றி 0 முதல் 100 வரை மதிப்பெண் கொண்டுவந்தார்கள், கேடிபிஐ என்று பேர், இதில் எண் கூடக் கூடத் தரம் குறைவு. அங்கே 20 வரை உள்ள கிட்னிகளில் பாதி பதினொன்றரை வருடம் வரை ஓடுகின்றன, 21 முதல் 85 வரை சுமார் 9 வருடம், 85க்கு மேல் போனால் ஐந்தரை வருடத்துக்குச் சற்று மேல். "பாதி" என்றால் மற்றப் பாதி அதையும் தாண்டி ஓடுகிறது என்று அர்த்தம். அங்குள்ள டோனர்களை வைத்துப் போட்ட கணக்கு இது, நமக்கு அப்படியே பொருந்தாது. நம்மிடம் மூளைச்சாவு என்று வருவதில் பெரும்பாலும் ரோடு ஆக்ஸிடென்ட், ஹெல்மெட் போடாத சின்ன வயதுக்காரர்கள்.

அதனால்தான் இங்கே கிரியாட்டினின் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படக் கூடாது. 28 வயதுப் பையன் பைக்கில் விழுந்து, ரத்தம் போய், பிபி இறங்கி, ஐசியூவில் கிடந்து கிரியாட்டினின் 2.5க்கு ஏறியிருக்கிறது என்றால் அது புதிதாக விழுந்த அடி. அந்தக் கிட்னி முதலில் தூங்கும், நெய்யாறு அண்ணன் சொன்ன மாதிரி டயாலிசிஸ் தேவைப்படலாம், ஆனால் எழுந்துவிட்டால் பெரும்பாலும் மற்றக் கிட்னி மாதிரியே ஓடும், ஆராய்ச்சிகளும் அதைத்தான் காட்டுகின்றன. 61 வயதுக்காரருக்கு, பத்து வருடம் பிபி இருந்து, கிரியாட்டினின் 1.8 என்றால் எண் சிறியதுதான், ஆனால் அது பழைய தேய்மானம், திரும்பாது. அதனால் டாக்டரிடம், அட்மிட் ஆன அன்றைக்கு கிரியாட்டினின் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, மூத்திரத்தில் புரதம் போனதா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் சில இடங்களில் பயாப்ஸி எடுப்பார்கள், அதாவது கிட்னியில் சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். ரொம்பத் தேய்ந்திருந்தால் இரண்டு கிட்னியையும் ஒருவருக்கே வைப்பதும் உண்டு.

இனி அக்கா விஷயம். 2005இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு இதைத்தான் பார்த்தது: மார்ஜினல் கிட்னியை வாங்கிக்கொண்டவர்கள் ஒரு பக்கம், பட்டியலில் காத்திருந்தவர்களும் நல்ல கிட்னிக்காகக் காத்திருந்து வாங்கியவர்களும் மறுபக்கம். முதல் இரண்டு வாரம் வாங்கியவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல், ஆபரேஷன் அல்லவா. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மூன்றரை வருடம் ஆன பிறகுதான் தட்டு சமமாகிறது, அதற்கு மேல் வாங்கியவர்கள் முன்னால் போகிறார்கள். யாருக்கு நல்ல பலன் என்றால் 40 தாண்டியவர்கள், சர்க்கரை அல்லது பிபியால் கிட்னி போனவர்கள், காத்திருப்பு நீளமான ஊரில் இருப்பவர்கள். உங்கள் அக்கா மூன்றிலும் வருகிறார், ஓ குரூப் வேறு. ஓ கிட்னி யாருக்கும் பொருந்தும், ஓ ஆளுக்கு ஓ மட்டும்தான். கேரளாவில் மூளைச்சாவு தானம் 2016இல் 72 பேர், 2018இல் 8 பேர் என்று சரிந்தது, அதற்குப் பிறகும் பழைய நிலைக்கு வரவில்லை. சித்தப்பா "நாலு நாள் ஓடுமா" என்று கேட்கிறார் அல்லவா, டயாலிசிஸில் சர்க்கரைக்காரரின் இதயம் எத்தனை நாள் ஓடும் என்றும் அவர் கேட்க வேண்டும். கடுமையாகச் சொல்கிறேன், ஆனால் எங்கள் யூனிட்டில் காலியாகும் நாற்காலிகளை நான் பார்க்கிறேன்.

ஹெபடைடிஸ் பற்றி அப்புறம் எழுதுகிறேன், டியூட்டி நேரம்.


ஆரியங்காவு:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள், நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தனாருக்கு இப்படித்தான் வயதான டோனர் கிட்னி வைத்தார்கள். ஊர் பேரோ ஆஸ்பத்திரி பேரோ வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் தூங்கியது, எழுந்தபிறகும் கிரியாட்டினின் 2.6க்குக் கீழே வரவே இல்லை, இரண்டு தடவை பயாப்ஸி, ஸ்டீராய்டு ஊசி, சளி, நிமோனியா, கடைசியில் இரண்டு வருடத்தில் மறுபடி டயாலிசிஸ். காசு போனதைக்கூட விடுங்கள், விற்ற ரப்பர் தோட்டம் போனது போனதுதான். ஆனால் இப்போது இரண்டாவது தடவை பட்டியலில் போட்டால் உடம்பில் ஆன்டிபாடி ஏறிவிட்டது, எது வந்தாலும் கிராஸ்மேட்ச் (டோனரோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ரத்த டெஸ்ட்) ஒத்துவராது என்கிறார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்னால் எங்களிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. டோனரின் வயதே பிறகுதான் தெரிந்தது. ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டு, கிட்னி வந்திருக்கிறது, உடனே புறப்படுங்கள் என்றால் யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்?

அவருக்கு அப்போது 34 வயது. அண்ணன் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார், இவர்தான் அண்ணனைக் கஷ்டப்படுத்த வேண்டாம் என்று மறுத்தார்.


கொல்லங்கோடு சிஸ்டர்:

ஆரியங்காவு அக்கா, நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் நடப்பதுதான், மறுக்க மாட்டேன். ஆன்டிபாடி விஷயம் ரொம்ப முக்கியம், அதைப் பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்வதே இல்லை. ஒரு கிட்னி உள்ளே போய்த் தோற்றால் உடம்பு அந்நியத் திசுவை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும், அடுத்தது கிடைப்பது கஷ்டம். அதனால்தான் 34 வயதுக்காரருக்கு, வீட்டிலேயே டோனர் இருக்கும்போது, தேய்ந்த கிட்னியை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவருக்கு வாழ்நாளில் இரண்டு கிட்னி தேவைப்படும், முதலாவது நல்லதாக, நீளமாக ஓடுவதாக இருக்க வேண்டும். 49 வயது, சர்க்கரை, வீட்டில் டோனர் இல்லை என்ற கணக்கு வேறு. ஐரோப்பாவில் சில நாடுகள் சேர்ந்து 1999இலிருந்தே 65 தாண்டிய டோனரின் கிட்னியை 65 தாண்டியவருக்கே தருகின்றன. பக்கத்து ஊருக்கே கொடுத்து, ஐஸ் பெட்டியில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, நன்றாகவே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் எடுத்த கிட்னியைத் தூக்கிப் போடுவது அதிகம். 2004 முதல் 2014 வரை அங்கே நூற்றுக்குப் பதினெட்டு, பிரான்சில் ஒன்பது என்று ஒரு ஒப்பீடு வந்தது. அமெரிக்கா எறிந்ததில் பாதிக்கு மேல் பிரான்சில் வைத்திருப்பார்கள் என்றும் அதில் கணக்கிட்டிருந்தார்கள்.

ஐஸ் நேரம் என்றதும் ஒன்று. வயதான கிட்னிக்கு அது ரொம்பக் கெடுதல். போன் வந்ததும் கிளம்ப வேண்டும், காரைக் கழுவி, மாமனுக்குச் சொல்லி, கோயிலில் விளக்குப் போட்டுவிட்டுப் போகலாம் என்றிருக்கக் கூடாது. பாலராமபுரம் நெரிசலே போதும் உங்களை நிறுத்தி வைக்க.

இனி ஹெபடைடிஸ். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வார்த்தைக்கு வார்த்தை பாருங்கள். "பி" வைரஸ் இப்போது இல்லை, எப்போதோ வந்து போனதற்கான அடையாளம் மட்டும் ரத்தத்தில் இருக்கிறது என்றால் கிட்னி மூலம் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, அக்கா தடுப்பூசி போட்டு எதிர்ப்புச் சக்தி இருந்தால் இன்னும் குறைவு. டயாலிசிஸ் ஆட்களுக்கு அந்த ஊசி இரட்டை டோஸில் நாலு தடவை போட வேண்டும். போட்டார்களா, டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்த்தார்களா என்று நாகர்கோவிலில் கேளுங்கள். 10க்கு மேல் இருக்க வேண்டும். நிறையப் பேருக்கு ஊசியும் அரைகுறை, டைட்டர் பார்ப்பதும் இல்லை.

"சி" என்றால், முன்பு அது பெரிய பயம். 2017இல் பென்சில்வேனியாவில் சி வைரஸ் உள்ளவர்களின் கிட்னியை, சி இல்லாத 10 பேருக்கு வேண்டுமென்றே வைத்துப் பிறகு மாத்திரை கொடுத்தார்கள், 10 பேருக்கும் வைரஸ் போய்விட்டது. அந்த வகை மாத்திரை நம் நாட்டிலேயே தயாராகிறது, அரசு ஆஸ்பத்திரியில் தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் இலவசம். நம் ஊரில் இப்படி எல்லா இடத்திலும் வைக்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம், படிவத்தில் இருந்தால் அந்த ஆஸ்பத்திரி எப்படிச் செய்கிறது என்று கேளுங்கள். இன்னொன்றையும் அக்காவிடம் சொல்லுங்கள், சி வைரஸ் வாங்கிக்கொள்ள டோனர் தேவையில்லை, டயாலிசிஸ் மெஷின் பக்கத்திலேயே கிடைக்கும்.

டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ் என்றாலும் சமீபத்தில் தொற்றியிருந்தால் தெரியாத இடைவெளி நாள் உண்டு. வைரஸையே நேராகத் தேடும் நாட் டெஸ்ட் செய்தால் எச்ஐவிக்கும் சிக்கும் அது ஒரு வாரம் அளவுக்குள், பிக்கு மூன்று வாரம் அளவு. ஆன்டிபாடி டெஸ்ட் மட்டும் செய்தால் இன்னும் நீளம். இப்படிச் சமீபத்தில் தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள டோனர் வேண்டாம் என்று மறுத்த அமெரிக்க நோயாளிகளை ஐந்து வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள், 2018இல் வெளிவந்தது. அவர்களில் 31 சதவீதம் பேருக்குத்தான் வேறு டோனரிடமிருந்து கிடைத்திருந்தது, அதுவும் மறுத்ததைவிட மோசமான தரத்தில்.

நான் உண்மையிலேயே பயப்படுவது வேறு. காரணம் தெரியாத மூளைக்காய்ச்சலில் இறந்தவர். 2004இல் டெக்சாஸில் ஒரே டோனரிடமிருந்து வெறிநாய்க் கடி நோய் மாற்று உறுப்பு பெற்றவர்களுக்குப் போய் எல்லோரும் இறந்தார்கள், டோனருக்கு அது இருந்தது முன்னால் தெரியவே இல்லை. நம் பக்கம் நாய்க்கடியும் உண்டு, அமீபா மூளைக்காய்ச்சலும் உண்டு. டோனருக்குக் காய்ச்சலும் பிதற்றலும் இருந்து, எதனால் என்று தெரியவில்லை என்றால், வயது 20 ஆக இருந்தாலும் நான் என் வீட்டு ஆளுக்கு வாங்க மாட்டேன்.


கம்பம் பள்ளத்தாக்கு:

சிஸ்டர் எல்லாம் சொல்லிவிட்டார். பதிவு பற்றி மட்டும் சேர்க்கிறேன். 2023இல் மத்திய அரசு, பட்டியலில் பதிய அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 65 வயது வரம்பையும் எடுக்கச் சொன்னது. ஆனால் யாருக்கு முதலில் என்ற வரிசை மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவருக்கு அரசு மரியாதை என்று அறிவித்ததிலிருந்து தானமும் கூடியிருக்கிறது, நெல்லை, மதுரை அரசு ஆஸ்பத்திரிகளிலேயே மாற்று அறுவை நடக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் இந்தப் பக்கம் செலவு பெருமளவு குறையும். அட்டையை எடுத்துக்கொண்டு கேரளப் பக்கம் போய் நிற்காதீர்கள், செல்லுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் பதிவை வைத்துக்கொண்டு இங்கேயும் பதியலாமா, மாற்றுவதென்றால் காத்திருந்த காலம் கணக்கில் வருமா என்பதை இரண்டு பக்கக் கோஆர்டினேட்டர்களிடமும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.


குழித்துறைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. அக்காவை உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஆரியங்காவு அக்கா எழுதியதை இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னாள். நெய்யாறு அண்ணன் தண்ணீர் பற்றி எழுதிய இடத்தில் "அவரு எவ்வளவு குடிக்கிறாராம்" என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணே.

சிஸ்டர், ஒரு சந்தேகம். இப்போது டிக் போட்டுவிட்டால் கூப்பிடுகிற அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வயது, பிபிக்கு சரி என்றும் ஹெபடைடிஸுக்கு வேண்டாம் என்றும் பிரித்துப் போட விடுவார்களா?


நெய்யாறு67:

ரெண்டரை லிட்டர். டாக்டர் மூணு சொல்கிறார், என்னால் முடியவில்லை.


கொல்லங்கோடு சிஸ்டர்:

முடியும். தியேட்டருக்குள் போகிற வரைக்கும் மறுக்கலாம், படிவத்தில் போட்ட டிக் உங்களைக் கட்டிப்போடாது. டிக் போடாமல் விட்டால்தான் அந்த வகை வரும்போது உங்களுக்குப் போனே வராது. பிரித்துப் போட இடம் இல்லை என்றால் ஓரத்தில் கையால் எழுதிக் கையெழுத்து போடுங்கள், ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கூப்பிடுகிற ராத்திரி கேட்க வேண்டியதை இப்போதே ஒரு காகிதத்தில் எழுதி ஃபைலில் ஒட்டிவிடுங்கள்: வயது, எதனால் இறந்தார், முதல் கிரியாட்டினின், கடைசி கிரியாட்டினின், நாட் டெஸ்ட் செய்தார்களா, ஐஸில் எத்தனை மணி நேரம் ஆகிறது. தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் ஞாபகம் வராது. அப்புறம் அந்த போன் அத்தான் கையில் இருக்கட்டும், சித்தப்பா கையில் வேண்டாம்.